தாத்தாவுக்கு அக்கி, பேரனுக்கு அம்மை: வைரஸ் ஒளித்து வைக்கும் சீட்டு!

அறுபத்தாறு வயதுத் தாத்தாவுக்கு இடது விலாப்பக்கம் சுருக் சுருக்கென்று வலி. "வாயுவா இருக்கும்" என்று பெருங்காயம் கரைத்துக் குடித்தார். மூன்றாம் நாள் அதே இடத்தில் பட்டையாக, கொத்துக் கொத்தாகக் கொப்புளங்கள். பக்கத்து வீட்டு அம்மா பார்த்ததுமே சொல்லிவிட்டார்: "இது அக்கி. குயவரைக் கூப்பிட்டு அக்கி எழுதிடுங்க." எழுதினார்கள். காவி காய்ந்தது, கொப்புளமும் காய்ந்தது. வலி மட்டும் போகவில்லை.

இரண்டு வாரம் கழித்து, தாத்தா மடியை விட்டு இறங்காத நாலு வயதுப் பேரனுக்குக் காய்ச்சல். மறுநாள் முதுகெல்லாம் நீர்க் கொப்புளம். சின்னம்மை!

மருமகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. பையனை அழைத்துக்கொண்டு மாமனாரோடு டாக்டரிடம் ஓடினாள்.

"எங்க தெருவுல யாருக்குமே அம்மை இல்லை டாக்டர். ஸ்கூலுக்கும் இப்ப லீவு. இவனுக்கு மட்டும் எங்கேருந்து வந்துச்சு?"

டாக்டர் தாத்தா பக்கம் திரும்பினார். "பெரியவரே, சின்ன வயசுல உங்களுக்கு அம்மை போட்டிருக்கா?"

"போட்டிருக்கு டாக்டர். மூணாவது படிக்கிறப்போ. ஐம்பத்தெட்டு வருஷம் ஆச்சே!"

"அந்த அம்மைதான் இப்ப உங்க பேரனுக்கு வந்திருக்கு."

கதை கற்பனைதான். ஆனால் இந்த மாதிரி எந்த வீட்டிலும் நடக்கலாம். சின்னம்மையையும் அக்கியையும் உண்டாக்குவது ஒரே வைரஸ். சரி, ஐம்பத்தெட்டு வருஷம் அது எங்கே இருந்தது? என்ன சாப்பிட்டது? எப்படி உயிரோடு இருந்தது?

பதில் வேடிக்கையானது. அது எதையும் சாப்பிடவில்லை. முழு வைரஸாகவே இல்லை. தாத்தாவின் முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில், வெறும் 'எழுத்தாக' இருந்தது!

சீட்டும் உறையும்

வைரஸைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இரண்டே சமாசாரம்தான் முக்கியம். நடுவில் ஒரு நீளமான இழை. அதில் 'என்னை மாதிரி இன்னும் பல வைரஸ்களை எப்படிச் செய்வது' என்ற குறிப்பு இருக்கிறது. அதைச் சுற்றி, புரோட்டீனால் ஆன உறை. சில வைரஸ்களுக்கு மேலே கொழுப்புப் போர்வை ஒன்றும் உண்டு. அந்தக் கொழுப்பைத்தான் சோப்பு கரைத்துவிடுகிறது. கொரோனா நாட்களில் 'கையைக் கழுவு, கையைக் கழுவு' என்று சொன்னதற்கு இது ஒரு காரணம்.

வைரஸ் மூச்சு விடாது, தின்னாது, தானாக வளராது. தபாலில் வந்த கவர் மாதிரி அது சும்மா கிடக்கும். யாராவது பிரித்துப் படித்தால்தான் வம்பு!

இந்தக் குறிப்பைத்தான் ஜீனோம் என்கிறார்கள். இதில் நான்கே எழுத்துக்கள். டி.என்.ஏ.வில் ஏ, டி, ஜி, சி. ஆர்.என்.ஏ.வில் 'டி'க்குப் பதில் 'யு'. மூன்று மூன்று எழுத்தாகச் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒவ்வொரு மூன்றெழுத்தும் ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும். அமினோ அமிலங்களைக் கோத்தால் புரோட்டீன். எந்த வரிசையில் எழுத்து இருக்கிறதோ, அந்த வரிசையில் மாலை. அவ்வளவுதான்!

மிக்ஸியில் கிடைத்த விடை

தொற்றிக்கொள்வது சீட்டா, உறையா? ஒரு காலத்தில் விஞ்ஞானிகளுக்கே இது சந்தேகமாக இருந்தது. 1952-ல் அமெரிக்காவில் ஆல்ஃபிரட் ஹெர்ஷேயும் மார்த்தா சேஸும் இதைச் சோதித்தார்கள். பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வகை வைரஸை எடுத்துக்கொண்டு, உறைக்கு ஒரு கதிரியக்க அடையாளமும் உள்ளே இருக்கும் டி.என்.ஏ.வுக்கு வேறு ஓர் அடையாளமும் வைத்தார்கள். வைரஸ் பாக்டீரியாவின் மேல் உட்கார்ந்த சிறிது நேரத்தில், எல்லாவற்றையும் எடுத்து... எதில் போட்டார்கள் தெரியுமா? நம் சமையலறை மிக்ஸி மாதிரியான பிளெண்டரில்! ஒரு சுற்றுச் சுற்றியதும் வெளியே ஒட்டியிருந்த உறைகள் பிய்ந்து வந்துவிட்டன. டி.என்.ஏ. மட்டும் ஏற்கெனவே பாக்டீரியாவுக்குள் போயிருந்தது. புது வைரஸ்கள் அதிலிருந்தே பிறந்தன.

சில வருஷங்களில், 1956-ல், புகையிலைச் செடியைத் தாக்கும் வைரஸிலிருந்து ஆர்.என்.ஏ.வை மட்டும் பிரித்தெடுத்து இலையில் தேய்த்தார்கள். உறையே இல்லாமல் செடிக்கு நோய் வந்தது. ஆக, நோய் என்பது அந்தச் சீட்டில் எழுதியிருக்கும் சங்கதிதான்.

கல்யாணச் சமையல்கூடத்தில் ஒரு மோசடி

நம் உடம்பின் ஒரு செல்லை, கல்யாண வீட்டுச் சமையல்கூடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஓர் அறையில் மேனேஜர். அவரிடம் பெரிய பெரிய ரிஜிஸ்டர்கள். இதுதான் செல்லின் உட்கருவில் இருக்கும் நம் டி.என்.ஏ. ரிஜிஸ்டரை யாரும் அறைக்கு வெளியே எடுத்துப் போகக் கூடாது. 'இருநூறு பேருக்கு சாம்பார்' என்றால், குமாஸ்தா அந்தப் பக்கத்தை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் நகலெடுத்து வெளியே அனுப்புவார். அந்த நகல்தான் தூது ஆர்.என்.ஏ.

வெளியே அடுப்படியில் ஆயிரக்கணக்கில் சமையல்காரர்கள். இவர்கள்தான் ரைபோசோம்கள். கையில் வரும் சீட்டில் இருப்பதை அப்படியே சமைப்பார்கள். 'யார் எழுதினது? மேனேஜர் கையெழுத்தா?' என்று பெரும்பாலும் பார்ப்பதில்லை.

வைரஸ் செய்யும் மோசடி இதுதான். யாரோ ஓர் அந்நியன் சமையல்கூடத்துக்குள் நுழைந்து, தன் சீட்டையும் கட்டுக்குள் செருகிவிடுகிறான். சமையல்காரர்களும் கல்யாணச் சமையலை விட்டுவிட்டு அவன் கேட்டதைச் செய்து குவிக்கிறார்கள். நம் சாமான், நம் விறகு, நம் ஆள். பலகாரம் மட்டும் அவனுக்கு!

ஆனால் ஒரு நிபந்தனை. சமையல்காரர்களுக்குத் தூது ஆர்.என்.ஏ. என்கிற சீட்டைத் தவிர வேறு எதையும் படிக்கத் தெரியாது. ஆகவே எந்த வைரஸாக இருந்தாலும், எப்படியாவது தன் குறிப்பை அந்த வடிவத்துக்குக் கொண்டுவந்தே ஆக வேண்டும். அதற்கு ஒவ்வொரு வைரஸும் ஒவ்வொரு வழி வைத்திருக்கிறது. 1971-ல் டேவிட் பால்டிமோர் என்ற அமெரிக்க விஞ்ஞானி இந்த வழிகளை வைத்தே வைரஸ்களை வகை பிரித்தார். இன்றைய கணக்கில் ஏழு வகை. நம் வீடுகளுக்கு அடிக்கடி வருகிற ஐந்தைப் பார்ப்போம்.

ஒன்று: ரிஜிஸ்டராகவே வருபவை

சின்னம்மை வைரஸ் இந்த வகை. இதன் குறிப்பு நம்முடையது மாதிரியே இரட்டை இழை டி.என்.ஏ. சுமார் 1,25,000 எழுத்து, ஏறக்குறைய 70 ஜீன்கள். நேராக மேனேஜர் அறைக்குள் போய் ரிஜிஸ்டர் வரிசையோடு உட்கார்ந்துகொள்ளும். நம் குமாஸ்தாவே அதற்கும் நகல் எடுத்துக் கொடுப்பார்.

இங்கேதான் தாத்தாவின் கதை வருகிறது. சிறு வயதில் அம்மை இறங்கிய பிறகு, தோலில் வைரஸ் இல்லை. ஆனால் நரம்பு முடிச்சில் உள்ள சில செல்களின் உட்கருவில் அதன் டி.என்.ஏ. மட்டும் சுருண்டு படுத்துவிட்டது. நகல் எடுப்பது ஏறக்குறைய நின்றுபோனது. புரோட்டீன் தயாரானால்தானே நம் எதிர்ப்புச் சக்திக்குத் தெரியும்? மூடிய ரிஜிஸ்டரை எந்தப் போலீஸ் பிடிக்கும்? வயதாகி எதிர்ப்புச் சக்தி தளர்ந்ததும் ரிஜிஸ்டர் திறந்துகொண்டது. எந்த நரம்பில் விழித்ததோ, அந்த நரம்பு ஓடும் பட்டையில் மட்டும் கொப்புளம். அக்கி ஒரே பக்கமாக வருவது இதனால்தான்.

இரண்டு: நேரடிச் சீட்டு

போலியோ, டெங்கு, மஞ்சள்காமாலையில் 'ஏ' வகை, சாதாரண ஜலதோஷத்தின் ரைனோ வைரஸ், கொரோனா. இவையெல்லாம் ஆர்.என்.ஏ. வைரஸ்கள். அதுவும் சமையல்காரர் உடனே படிக்கக்கூடிய வடிவத்திலேயே எழுதப்பட்டவை. மேனேஜர் அறைக்குப் போக வேண்டிய வேலையே இல்லை.

போலியோ சீட்டு சுமார் 7,500 எழுத்துதான். அதை ரைபோசோம் ஒரே மூச்சில் படித்து, ஒரே ஒரு நீளமான புரோட்டீனாகக் கோத்துவிடும். பிறகு அந்த நீளத்திலேயே அடங்கிய 'கத்தரி'கள் அதைத் துண்டு துண்டாக வெட்டி, உறைக்கு ஒன்று, நகல் எடுக்க ஒன்று என்று பிரித்துக்கொள்ளும். டெங்குவும் இதே பாணிதான். எச்.ஐ.வி. புரோட்டீன்கள் சிலவும் இப்படி வெட்டப்பட வேண்டியவை. 'கத்தரி'யை மழுங்கடிக்கும் மாத்திரைகள் எச்.ஐ.வி.க்கும் கொரோனாவுக்கும் வந்திருக்கின்றன.

மூன்று: போட்டோ நெகட்டிவ்

ஃபுளூ, தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, வெறிநாய்க்கடி. இவற்றின் ஆர்.என்.ஏ. தலைகீழ் எழுத்து. பழைய காமிராவின் நெகட்டிவ் மாதிரி. சமையல்காரர் இதைப் பார்த்தால் ஒன்றும் புரியாது. பிரிண்ட் போட வேண்டும். நம் செல்லில் அதற்கு ஆள் கிடையாது. அதனால் இந்த வைரஸ்கள் தங்கள் குமாஸ்தாவைக் கவருக்குள்ளேயே வைத்துக் கூட்டிக்கொண்டு வருகின்றன. கில்லாடிகள்!

இதில் ஃபுளூ இன்னும் ஒரு படி மேல். அதன் குறிப்பு ஒரே சீட்டு இல்லை, எட்டுத் துண்டு. பறவை ஃபுளூவும் மனித ஃபுளூவும் ஒரே செல்லுக்குள் சந்தித்தால், இரண்டு சீட்டுக்கட்டைச் சேர்த்துக் குலுக்கின மாதிரி துண்டுகள் கலந்து புதுக் கட்டு உருவாகலாம். 1957, 1968, 2009 ஆகிய ஆண்டுகளில் உலகத்தையே சுற்றிய ஃபுளூக்கள் இப்படிக் கலந்து பிறந்தவை.

நான்கு: இரட்டை இழை ஆர்.என்.ஏ.

கைக்குழந்தைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்குமாக வரும் ரோட்டா வைரஸ் இந்த ரகம். பதினோரு துண்டு. இதுவும் நகல் எடுக்கும் சாமானைத் தன் கூடவே கொண்டு வரும்.

ஐந்து: ரிஜிஸ்டரில் ஒட்டிக்கொள்பவை

எச்.ஐ.வி. வருவது ஆர்.என்.ஏ.வாக. சுமார் 9,700 எழுத்து. வந்தவுடன் அது செய்யும் காரியம் விபரீதமானது. ஆர்.என்.ஏ.வைப் பார்த்து டி.என்.ஏ. எழுதுகிறது! ரிஜிஸ்டரிலிருந்து சீட்டு என்பது உலக வழக்கம். இது சீட்டிலிருந்து ரிஜிஸ்டர். 1970-ல் பால்டிமோரும், தனியாக ஹோவர்ட் டெமினும் சதோஷி மிசுடானியும், வேறு வைரஸ்களில் இந்தத் தலைகீழ் வேலையைச் செய்யும் என்ஸைமைக் கண்டுபிடித்தபோது பலருக்கும் வியப்பு. 1975-ல் பால்டிமோருக்கும் டெமினுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அப்படி எழுதிய டி.என்.ஏ.வை எச்.ஐ.வி. நம் சொந்த ரிஜிஸ்டரின் நடுவிலேயே வெட்டி ஒட்டிவிடுகிறது. அப்புறம் எது நம் பக்கம், எது அதன் பக்கம் என்று பிரிக்க முடியாது. 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதன்முதலாகக் கண்டறிந்த நாட்களில் இதற்கு மருந்தே இல்லை. இன்று கூட்டு மாத்திரைகள் இருக்கின்றன. 2004 முதல் அரசு இலவசமாகத் தருகிறது. மாத்திரை வைரஸின் நகலெடுப்பை நிறுத்திவிடும். ஆனால் ஒட்டிய பக்கத்தைக் கிழிக்காது. 'ரத்தத்தில் வைரஸே தெரியலையே' என்று மாத்திரையை நிறுத்தினால், அது திரும்ப வருவது இதனால்தான்.

இந்தத் தலைகீழ் என்ஸைம் நமக்கு உபகாரமும் செய்திருக்கிறது. கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு ஆர்.டி.-பி.சி.ஆர். எடுத்தார்களே, அதில் 'ஆர்.டி.' என்பது இந்த வேலையைத்தான் குறிக்கிறது. கொரோனாவின் ஆர்.என்.ஏ.வை முதலில் டி.என்.ஏ.வாக மாற்றி, பிறகு கோடிக்கணக்கில் நகல் பெருக்கிப் பார்க்கும் சோதனை அது.

கையளவுச் சீட்டில் இத்தனையா?

மனித ஜீனோம் சுமார் 300 கோடி எழுத்து. மஞ்சள்காமாலை 'பி' வைரஸின் ஜீனோம் வெறும் 3,200 எழுத்து! இந்தப் பத்திரிகையில் அச்சடித்தால் இரண்டு பக்கத்துக்குள் அடங்கிவிடும். அதற்குள் நான்கு ஜீன்கள்.

எப்படி முடிகிறது? 'கவலை' என்று எழுதுங்கள். முதல் எழுத்தை விட்டுப் படியுங்கள். 'வலை'! தனியாக ஒரு வலை எழுதத் தேவையில்லாமல், ஒரே எழுத்துக்களில் இரண்டு சொல். வைரஸும் இதே சிக்கனம்தான். ஒரே வரியை இங்கே ஆரம்பித்துப் படித்தால் ஒரு புரோட்டீன், ஓரெழுத்துத் தள்ளிப் படித்தால் இன்னொன்று. 'பி' வைரஸின் மேலுறைக்கான ஜீன் முழுவதும், நகலெடுக்கும் என்ஸைமுக்கான ஜீனுக்குள்ளேயே இருக்கிறது.

அந்த மேலுறைப் புரோட்டீனை மட்டும் தனியாக ஈஸ்ட்டில் தயாரித்துத்தான் 'பி' தடுப்பூசி செய்கிறார்கள். முழுச் சீட்டு அதில் இல்லை. ஆகவே ஊசியால் காமாலை வர வழியே இல்லை.

நகலில் பிழை, நமக்குத் தலைவலி

நம் டி.என்.ஏ.வை நகலெடுக்கும்போது, எழுதினதைத் திரும்பிப் பார்த்துத் திருத்தும் ஏற்பாடு உண்டு. பெரும்பாலான ஆர்.என்.ஏ. வைரஸ்களிடம் அது கிடையாது. அவசர அவசரமாக எழுதுவதில் ஒரு சீட்டுக்கு ஓரெழுத்து தவறுவது சகஜம். பெரும்பாலான பிழைச் சீட்டுகள் உபயோகமில்லாமல் போகும். எப்போதோ ஒன்று, நம் எதிர்ப்புச் சக்தி அடையாளம் கண்டுகொள்ளாத புது வேஷத்தில் வரும். ஃபுளூ ஊசியை வருஷா வருஷம் போட்டுக்கொள்ளச் சொல்வது இதற்காக. கொரோனாவின் சீட்டு சுமார் 30,000 எழுத்து, ஆர்.என்.ஏ. வைரஸ்களில் நீளமானது. அதனிடம் திருத்தும் என்ஸைம் இருக்கிறது. அப்படியும் வேஷம் மாறியதைப் பார்த்தோம்.

'ஒரு ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுங்க டாக்டர்!'

இந்த வார்த்தையைக் கேட்காத டாக்டர் இல்லை. ஆன்டிபயாடிக் என்பது பாக்டீரியாவின் சுவரை உடைக்கும். அல்லது பாக்டீரியாவின் ரைபோசோமை முடக்கும். இப்படி அதன் சொந்தச் சாமான்களைத்தான் தாக்கும். வைரஸுக்குச் சுவரும் இல்லை, சொந்த அடுப்பும் இல்லை. சமைப்பது நம் அடுப்பில். பிறகு மருந்து எதைத் தாக்கும்? வெறும் ஜலதோஷத்துக்கு அதை விழுங்கினால், வயிற்றிலுள்ள நல்ல பாக்டீரியா சாகும். தப்பிப் பிழைத்தவை மருந்துக்கு அடங்காதவையாக மாறும். நாளைக்கு நிஜமாகவே நிமோனியா வரும்போது மருந்து கைவிட்டுவிடும்.

வைரஸுக்கு மருந்து வேண்டுமானால், அதன் சொந்த வேலையாளைத் தேடிப் பிடிக்க வேண்டும். அக்கிக்குத் தரும் அசைக்ளோவிர் அப்படி ஒரு மருந்து. அது ஒரு பொய் எழுத்து. சின்னம்மை வைரஸின் என்ஸைம் ஒன்று அதைத் தொட்டால்தான் அது விழித்துக்கொள்ளும். விழித்ததும் டி.என்.ஏ. நகலுக்குள் போய் உட்கார்ந்து, அடுத்த எழுத்தைச் சேர விடாமல் தடுக்கும். வைரஸ் இல்லாத செல்லில் அது ஏறக்குறைய சும்மா இருக்கும். இந்த மாதிரி மருந்துகளுக்கு வழி காட்டிய கெர்ட்ரூட் எலியன் அம்மையாருக்கு 1988-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் ஒன்று. நகல் எடுத்துக்கொண்டிருக்கும்போதுதான் பொய் எழுத்தால் பிரயோஜனம். எடுத்து முடித்த பிறகு என்ன செய்ய? கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பது நல்லது என்பது இதனால்தான்.

மறுபடியும் அந்த வீடு

"மூணு நாளுக்குள்ள வந்திருந்தா, இந்த வலி இவ்வளவு தூரம் போயிருக்காது பெரியவரே" என்றார் டாக்டர். நரம்பு வலிக்குத் தனியாக மாத்திரை எழுதினார். பிறகு மருமகளைப் பார்த்தார்.

"உனக்குச் சின்ன வயசுல அம்மை வந்திருக்காம்மா?"

"ஏழு வயசுல வந்துது டாக்டர். ஏன்?"

"அப்பாடா! அப்ப பயமில்லை. வராம இருந்து, இந்த நேரத்துல ஒட்டிக்கிட்டா உனக்கும் ஆபத்து, வயித்துல இருக்கிற குழந்தைக்கும் ஆபத்து."

"அப்படின்னா என் உடம்புலயும் அந்தச் சீட்டு இருக்குமா?"

"இருக்கும்மா. தூங்கிக்கிட்டிருக்கு. இவனுக்கும் இனிமே இருக்கும். தூங்கறதை எழுப்ப விடாம உடம்பைப் பார்த்துக்கணும், அவ்வளவுதான்."

வீட்டில் கவனிக்க வேண்டியவை

● ஒரே பக்கமாக எரிச்சலும் கொப்புளமும் வந்தால், அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். அக்கி எழுதுவது உங்கள் நம்பிக்கை. ஆனால் அதற்காக அந்த மூன்று நாளைக் கோட்டை விடாதீர்கள். கண், நெற்றி, மூக்கு நுனியில் வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதம் வேண்டாம்.

● அக்கிக் கொப்புளம் காயும்வரை துணியால் மூடி வையுங்கள். அம்மை வராத, ஊசியும் போடாத குழந்தைகளும் கர்ப்பிணிகளும் நெருங்க வேண்டாம்.

● அம்மை வந்ததா என்று நினைவில்லாத கர்ப்பிணி, அம்மை அல்லது அக்கி கண்டவரோடு பழகியிருந்தால், ரத்தப் பரிசோதனையில் தெரிந்துகொள்ளலாம். எதிர்ப்பு இல்லையென்றால் பாதுகாப்புச் சிகிச்சை உண்டு. நாள் கடத்தக் கூடாது.

● அம்மை கண்ட குழந்தைக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. மூளையையும் ஈரலையும் பாதிக்கலாம்.

● சின்னம்மைக்குக் குழந்தைகளுக்கான தடுப்பூசியும், 50 வயது கடந்தவர்களுக்கு அக்கித் தடுப்பூசியும் இந்தியாவில் கிடைக்கின்றன. உங்களுக்கு ஏற்றதா என்று குடும்ப டாக்டரைக் கேளுங்கள்.

● குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள்காமாலை 'பி' தடுப்பூசி. சின்ன வயதில் அந்தச் சீட்டு ஈரலுக்குள் புகுந்தால், பெரும்பாலும் ஆயுசுக்கும் தங்கிவிடும். புகுவதற்கு முன்பே கதவைச் சாத்துவதுதான் புத்திசாலித்தனம்!